நீலகிரியில் இரைச்சல் குறித்துப் புகார் அளிப்பது எப்படி?

டெசிபல் அளக்கும் கருவி கையில் இல்லாமல் இரைச்சலைப் பற்றிப் புகார் கொடுக்க முடியாது என்ற எண்ணம் உதகையிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பரவலாக இருக்கிறது. இதை நம்பியே பலர் நள்ளிரவு தாண்டியும் ஓயாத பாட்டுச் சத்தத்தைச் சகித்துக்கொண்டு, மறுநாள் தூக்கம் கெட்ட கண்களோடு வேலைக்குப் போகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பதில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கான கட்டுப்பாடுகள் மீறப்பட்டன என்பதே புகாருக்குப் போதுமான காரணம். அங்கே டெசிபல் கணக்கு தேவையில்லை. பகல் நேரப் புகாருக்குத்தான் அளவு தேவைப்படுகிறது. இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், யாரிடம் என்ன எழுதிக் கொடுப்பது என்பது எளிதாகிவிடும்.

பகுதியும் அளவும்

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் வந்த இந்த விதிகள் ஊரை நான்கு வகைப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70 டெசிபல் வரையும், வர்த்தகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55 வரையும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 வரையும், அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40 வரையும் அனுமதி உண்டு. இவை ஒரு நொடியில் எழும் உச்சச் சத்தத்தின் அளவுகள் அல்ல. குறிப்பிட்ட நேரம் முழுவதற்குமான சராசரி. ஒரே ஒரு முறை அடித்த ஹாரனை வைத்து இந்த எண்களோடு ஒப்பிடுவது சரியாகாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கோ ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது என்பதை நினைவில் வைத்தால், 55-க்கும் 65-க்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பது புரியும்.

அமைதி மண்டலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் தானாகவே அமைதி மண்டலமாகிவிடும் என்று பலர் மனுவில் எழுதுகிறார்கள். 2017இல் வந்த திருத்தத்தின்படி, மாநில அரசு அறிவித்தால்தான் ஓரிடம் அமைதி மண்டலமாகும். ஆகவே அறிவிப்பு உண்டா என்று கேட்டறிந்த பிறகே அந்தச் சொல்லை மனுவில் பயன்படுத்த வேண்டும்; இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்த ஓட்டையைத்தான்.

மலை ஊர்களில் வகை பிரிப்பதே பெரிய சிக்கல். உதகை கமர்ஷியல் சாலையும் சேரிங் கிராஸும் வர்த்தகப் பகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கிருந்து மேலே ஏறும் சந்துகளிலும், குன்னூரைச் சுற்றியுள்ள சரிவுகளிலும், வீடாக அனுமதி பெற்ற கட்டடங்கள் காட்டேஜ்களாகவும் ஹோம்ஸ்டேக்களாகவும் நடக்கின்றன. நடத்துகிறவர்கள் "இது வர்த்தகப் பகுதி" என்று வாதிடுவது வழக்கம். ஒரு வீட்டில் வியாபாரம் நடப்பதால் மட்டும் அந்தத் தெரு வர்த்தகப் பகுதியாகிவிடாது. உங்கள் சர்வே எண் ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்த உபயோகப் பகுதியில் வருகிறது என்பதை நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி வையுங்கள். புகார் எழும் நாளுக்கு முன்பே இந்தத் தாள் கையில் இருப்பது நல்லது.

இரவில் எவையெல்லாம் கூடாது

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி, ஒலி எழுப்பும் கருவி, இசைக்கருவி எதையும் திறந்தவெளியில் பயன்படுத்தக் கூடாது. கல்யாண மண்டபம், மாநாட்டு அறை போன்ற மூடிய இடங்களுக்குள், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி பயன்படுத்துவதற்கு விலக்கு உண்டு. விடுதியின் புல்வெளியில் நெருப்பு மூட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டு, சவுண்ட் பாக்ஸ் வைத்து ஆடுவது இந்த விலக்கில் அடங்காது. மேலே தார்ப்பாய் கட்டியிருந்தாலும் அடங்காது என்பதே என் கருத்து. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக 10 மணியிலிருந்து நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் ஓர் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் கூடாது.

இதே நேரத்தில் குடியிருப்புப் பகுதியில் வாகன ஹாரன் அடிப்பதும், இரைச்சல் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை ஓட்டுவதும், எப்பகுதியிலும் வெடி வெடிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. தீபாவளிக்கு நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் ஒதுக்கும் வழக்கம் 2018இல் உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து வந்தது.

பொது அவசர நிலைக்கு விலக்கு உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் நள்ளிரவில் வெடிச் சத்தம் கேட்டால், அது வனத்துறையின் யானை விரட்டும் குழுவாக இருக்கலாம். ஊருக்குள் வந்த யானையைத் திருப்பி அனுப்ப வெடிக்கும் அந்தச் சத்தத்தின் மேல் புகார் எழுதக் கூடாது. அதேபோல் ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்) சாவு நேர்ந்திருக்கும்போது கேட்கும் மேளத்தையும் விடிய விடியப் போதையில் ஆடும் கூட்டத்தின் சத்தத்தையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. விதியின் எழுத்து இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று ஒன்று இருக்கிறது. அதை மறந்து விதியைக் கையில் எடுப்பவர் நாளைக்கு ஊரில் யாருடைய சாட்சியையும் பெற முடியாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்தல்

சமவெளியில் இந்த வேலை எளிது. மலையில் தவறான இடத்தின் மேல் புகார் கொடுத்துவிட்டு அவமானப்படுவது நடக்கக்கூடியதே. வெட்டவெளியில் ஒலி தோன்றும் இடத்திலிருந்து தூரம் இரு மடங்காகும்போது சுமார் 6 டெசிபல் குறைய வேண்டும். பகலில் வெயிலால் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் தெளிந்த இரவுகளில் நிலைமை தலைகீழாகிறது. குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்க, அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று இருக்கும். மேலே போகும் ஒலி அந்த அடுக்கில் வளைந்து மீண்டும் கீழே இறங்குகிறது. கேத்தி பள்ளத்தாக்கின் ஒரு கரையில் போடும் பாட்டின் வரிகள் மறுகரையில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். எதிர்ச்சரிவின் பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலி வேறு திசையைக் காட்டி ஏமாற்றும்.

ஆகவே வீட்டு முற்றத்தில் நின்று கேட்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச்சோடு, இயன்றால் இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு, பொதுச் சாலையிலேயே ஒன்றுக்கொன்று விலகிய இரண்டு இடங்களில் நின்று கேளுங்கள். கரடியோ காட்டெருமையோ நடமாடும் வழி என்றால் போக வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டாலே போதும். எந்தக் கட்டடம், அதன் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய வளாகத்துக்குள் நுழையவே கூடாது.

குறிப்பேடும் பதிவும்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சம்பவம் நடந்த இரவிலேயே எழுத வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதுவது வலுவிழக்கும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "சனிக்கிழமை. இரவு 10.20-க்கு வீட்டுப் படுக்கையறையில், ஜன்னல் மூடிய நிலையில் பாட்டின் சொற்கள் கேட்டன. 10.35-க்கு மேல்சாலை வளைவில் நின்று பார்த்தேன். விடுதியின் புல்வெளியில் இரண்டு சவுண்ட் பாக்ஸ்கள். 10.50-க்கு 112-க்கு அழைத்தேன். 11.40-க்குச் சத்தம் குறைந்தது, 12.05-க்கு மீண்டும் கூடியது, 12.45-க்கு நின்றது. மழை இல்லை, காற்று இல்லை." சத்தம் மிகவும் மோசம், தாங்க முடியவில்லை என்ற உணர்ச்சிச் சொற்களைவிட "ஜன்னல் மூடிய நிலையில் சொற்கள் கேட்டன" என்ற ஒரு வரி அதிகாரிக்கு அதிகம் சொல்லும்.

செல்பேசியில் காணொளி எடுக்கும்போது, முதலில் நேரம் காட்டும் கடிகாரத்தையும் பிறகு சத்தம் வரும் திசையையும் வெட்டாமல் ஒரே தொடர்ச்சியாக எடுங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் அந்தக் கருவியிலேயே வைத்திருக்க வேண்டும். பின்னாளில் நீதிமன்றம் வரை போனால், மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு அந்தக் கோப்பைத்தான் கேட்பார்கள்.

பகல் நேரப் புகாருக்கு அளவு வேண்டும் என்றேன். அனுமதிக்கப்பட்ட அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் செய்யலாம் என்பது விதி 7. குடியிருப்புப் பகுதியில் பகலில் அது 65 என்று ஆகிறது. வர்த்தகப் பகுதியில் 75. செல்பேசிச் செயலிகள் காட்டும் எண் சான்றாகாது, ஆனாலும் புகார் கொடுக்கும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா என்று அறிய உதவும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தகரக் கூரையில் மழை அடிக்கும்போதோ, நடுவட்டம் பக்கம் காற்று சுழற்றி அடிக்கும்போதோ எடுத்த அளவு பயனற்றது. முறையான அளவீட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

எல்லையில் அளக்கும் கணக்கு வேறு. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் சத்தம் அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ 75 டெசிபலாகவோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. தனியார் இடத்தில் உள்ள ஒலிக் கருவி என்றால், வளாக எல்லையில் 5 டெசிபல் மட்டுமே கூடுதலாக இருக்கலாம். குடியிருப்புப் பகுதியில் இருக்கும் காட்டேஜுக்குப் பகலில் 60, இரவில் 50 என்பதே எல்லை. 50 டெசிபல் என்பது வழக்கமாகப் பேசும் குரலின் அளவுக்குக்கூட எட்டாது என்பதை விடுதி நடத்துவோர் தெரிந்துகொள்வது அவர்களுக்கே நல்லது.

யாரிடம், எப்படி

முதலில் பேசிப் பாருங்கள். விடுதி என்றால் விருந்தினரிடம் போகாமல் பொறுப்பாளரிடம் பகலில் பேச வேண்டும்; இரவில் குடித்திருக்கும் கூட்டத்திடம் நியாயம் பேசப் போவது ஆபத்து. பேசிய தேதியையும் சொல்லிய பதிலையும் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது 112-க்கு அழைத்து, இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள். மலையில் கதவு எண் சொன்னால் ரோந்து வாகனத்துக்கு வழி தெரியாது. எந்தப் பேருந்து நிறுத்தத்திலிருந்து எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று சொல்ல வேண்டும். அழைப்பால் அன்றைய சத்தம் நிற்கலாம். அடுத்த சனிக்கிழமை திரும்ப வராமல் இருக்க எழுத்து மூலமான மனுதான் வழி.

விதிகளின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும், டிஎஸ்பி பதவிக்குக் குறையாமல் நியமிக்கப்பட்ட காவல் அதிகாரிக்கும் உண்டு. எனவே மனுவை உங்கள் உட்கோட்ட டிஎஸ்பிக்கு முகவரியிட்டு, காவல் நிலையத்தில் ஒரு நகலும், விடுதி என்றால் நகராட்சி ஆணையருக்கோ பேரூராட்சி செயல் அலுவலருக்கோ ஒரு நகலும் கொடுப்பது நல்ல முறை. வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எங்கள் வீட்டுக்கு மேற்புறச் சரிவில் உள்ள தங்கும் விடுதியின் திறந்த புல்வெளியில், கீழ்க்காணும் தேதிகளில் இரவு 10 மணிக்குப் பிறகும் ஒலிபெருக்கி பயன்படுத்தப்பட்டது. நேரக் குறிப்பும் காணொளிப் பதிவும் இணைக்கப்பட்டுள்ளன. இது ஒலி மாசு விதிகள், 2000-இன் விதி 5(2)-க்கு முரணானது. விதி 7-இன் கீழ் இதைப் புகாராக ஏற்று, விதி 8-இன் கீழ் மேற்படி இடத்தில் இரவு நேரத்தில் ஒலிக் கருவிகளைப் பயன்படுத்தத் தடை உத்தரவு பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. விடுதி உரிமையாளரின் குணத்தையோ, வெளியூர்க்காரர் என்பதையோ எழுதினால் மனு தனிப்பட்ட பகையாகத் தோன்றிவிடும். கொடுத்ததற்கு சிஎஸ்ஆர் எனப்படும் புகார் ஏற்பு ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வர வேண்டாம். அக்கம்பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்திட்டால் மனுவின் எடை கூடும்.

தேயிலைத் தொழிற்சாலையின் மின்விசிறிகளும் அரவை இயந்திரங்களும் ஜெனரேட்டரும் தரும் இரைச்சலுக்கு வழி வேறு. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் பொருளில் ஒலியும் மாசுதான்; ஆகவே தொழிற்சாலை பெற்றுள்ள இசைவாணையின் நிபந்தனைகளை மீறினால் கேட்க வேண்டியவர் உதகையில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். கொழுந்து மிகுந்த மாதங்களில் இரவிலும் அரவை ஓடுவது அந்தத் தொழிலின் இயல்பு. அதை நிறுத்தச் சொல்வதைவிட, ஜெனரேட்டருக்கு ஒலித்தடுப்புக் கூண்டு, மின்விசிறிக்குத் தடுப்புச் சுவர் என்று குறிப்பாகக் கேட்டால் பலன் கிடைக்கும். டீசல் ஜெனரேட்டருக்குக் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்ற வரம்பு ஏற்கெனவே இருக்கிறது.

இரவில் ஜேசிபி ஓடினாலோ பாறை உடைத்தாலோ இரண்டு மீறல்கள். இரைச்சல் விதி ஒன்று. மண் அகற்றும் கனரக இயந்திரங்களுக்கு நம் மாவட்டத்தில் நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. இதைக் காவல் நிலையத்தோடு நிறுத்தாமல் வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் உடனே தெரிவியுங்கள்; மண்சரிவு அபாயம் இருப்பதால் இந்தப் புகாருக்கு வேகமும் அதிகம்.

ஹாரன் விஷயத்தில் நிதானம் வேண்டும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் உயிரைக் காக்கும். ஊருக்குள் நெரிசலில் நின்றபடி ஏர் ஹாரன் அழுத்துவது அப்படியல்ல. பல சுருதி எழுப்பும் ஹாரனுக்கு மோட்டார் வாகன விதிகளில் தடை உண்டு. தேவையற்ற ஹாரனுக்கு 194எஃப் பிரிவின் கீழ் முதல் முறை 1,000, மறுமுறை 2,000 ரூபாய் அபராதம். வண்டி எண், இடம், நேரம் ஆகிய மூன்றையும் போக்குவரத்துக் காவலுக்குத் தெரிவித்தால் போதும்.

மனு கிடப்பில் போடப்பட்டால்

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், முதல் மனுவின் ரசீது நகலோடு இரண்டாம் மனுவைக் கொடுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். தொடர்ந்து நடக்கும் தொல்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையை நீக்கக் கோட்டாட்சியர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு என்று முதியவர்கள் சொல்வது இதைத்தான். பொதுத் தொல்லைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 292ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரைதான் அபராதம். அதைவிட வலுவானது சுற்றுச்சூழல் சட்டத்தின் 15ஆம் பிரிவு. 2024 ஏப்ரல் முதல் அதில் சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை தண்டத்தொகை வைக்கப்பட்டிருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே மிகவும் பயன்படும். "இந்த இடத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கப்பட்டதா, வழங்கியிருந்தால் அதன் நகல், என் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன" என்ற மூன்று கேள்விகளை, பத்து ரூபாய் கட்டணத்தோடு அனுப்புங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அனுமதியே இல்லை என்ற பதில் வந்துவிட்டால் உங்கள் வழக்கு பாதி வென்றாயிற்று. அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உண்டு. வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

வழிபாட்டுத் தலத்தின் ஒலிபெருக்கி என்றால் பலர் தயங்குகிறார்கள். சென்னையைச் சேர்ந்த ஒரு தேவாலய வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. எல்லா மதங்களுக்கும் பொருந்தும் தீர்ப்பு அது. ஒரு மதத்தின் ஒலிபெருக்கியை மட்டும் குறிவைத்து மனு எழுதுவது தவறு. நேரத்தையும் அளவையும் மட்டும் எழுதுங்கள்.

விழா நடத்துவோருக்கு

கோயில் திருவிழாவோ காதணி விழாவோ, மைக் செட் வைப்பதற்கு எழுத்து மூலமான அனுமதி பகலிலும் வேண்டும். தேதி, இடம், தொடங்கும் மற்றும் முடிக்கும் நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை, சவுண்ட் சர்வீஸ்காரரின் விவரம் ஆகியவற்றோடு முன்கூட்டியே காவல் நிலையத்தில் விண்ணப்பியுங்கள். கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்ற நிபந்தனை அனுமதியில் இருக்கும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் அதைப் பேசும்போதே சொல்லிவிட வேண்டும். பெட்டிகளைப் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திருப்பாமல், சரிவை முதுகாக வைத்துக் கூட்டத்தை நோக்கிக் கீழே சாய்த்து வைத்தால், குறைந்த சத்தத்திலேயே வந்தவர்களுக்கு நன்றாகக் கேட்கும், எதிர்க்கரையில் இருப்பவருக்கும் தொல்லை குறையும். இரவு 9.45-க்குக் கடைசிப் பாட்டு என்று முன்பே முடிவு செய்து, அணைக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.